குடிக்காத நாக்கு

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால், குளிர்சாதனம் போட்ட அரசு மதுக்கடை ஒன்று. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகலாம், கூடை எடுத்துக்கொள்ளலாம், பாட்டிலைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கலாம். சாதாரணக் கடையில் கம்பிக்குள் கையை நீட்டி வாங்குகிறவர்களுக்குக் குடிகாரர்கள் என்று பெயர். இங்கே வாங்குகிறவர்கள் ரசிகர்கள். இரண்டு தரப்புக்கும் மறுநாள் காலையில் வருவது ஒரே தலைவலிதான் என்றாலும், ரசிகர்கள் அதை வர்ணிப்பார்கள்.

இந்தக் கடையில் விற்பனையாளராக நிற்கிறவர் கதிரேசன். வயது ஐம்பத்திரண்டு. வீடு செம்மஞ்சேரி, அதற்கு முன்னால் அடையாற்றங்கரையில் இருந்தது, அங்கிருந்து எழுப்பிச் செம்மஞ்சேரியில் உட்கார வைத்தார்கள். உட்கார வைத்தது வீட்டைத்தான். அவர் நின்றுகொண்டுதான் இருக்கிறார். இருபத்திரண்டு வருடமாக, பகல் பன்னிரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை. கடையில் ஸ்டூல் இல்லாமல் இல்லை. உட்கார்ந்தால் ஒருவர் வந்து "அண்ணே" என்பார், எழுந்திருக்க வேண்டும். உட்காருவதைவிட, உட்கார்ந்து எழுந்திருப்பதுதான் வலி. அதனால் ஸ்டூலின் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டார். அதுவாவது உட்காரட்டும்.

இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு, பச்சையாகப் புடைத்துக்கொண்டிருக்கிறது. பெரியாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "நிக்கிற வேலைய விடுங்க" என்றார். அவரும் நின்றுகொண்டேதான் சொன்னார்.

இன்னொரு தகவலும் உண்டு. கதிரேசன் குடித்ததே இல்லை. கொள்கை ஒன்றும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கடை திறக்கும் நேரத்தில் கதவுக்கு வெளியே நின்றவர்களின் நடுங்குகிற கைகளைப் பார்த்தார். அப்புறம் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைக்கு வருகிற ரசிகர்களுக்கு அவர்தான் நாக்கு.

அது இப்படி ஆயிற்று. ஜவஹர் என்று ஒருவர். இன்சூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், இரண்டு தெரு தள்ளி வீடு. மஞ்சள் லேபிள் போட்ட ஓர் உள்ளூர் விஸ்கியை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் வந்து, "கடைசியில தேன் மாதிரி ஒரு வாடை வருதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை அடையாறிலிருந்து மகேஷ் வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, தோளில் பை. மஞ்சள் லேபிளைக் காட்டி, "இது எப்படி?" என்று கேட்டார். கதிரேசன் பொய் சொல்லவில்லை. "கடைசில தேன் வாடை வரும் சார்" என்றார்.

மகேஷ் பாட்டிலைப் பார்க்கவில்லை, கதிரேசனைப் பார்த்தார். தூரத்துச் சொந்தத்தைக் கல்யாண வீட்டில் கண்டுபிடித்த மாதிரி ஒரு பார்வை.

அதன்பின் மகேஷ் சொன்ன "அணைச்ச மெழுகுவத்தி வாசனை" ஜவஹருக்குப் போயிற்று. ஜவஹரின் "ஓக் மரம்" தி.நகர் சுப்புராயனுக்குப் போயிற்று. சுப்புராயன் அண்ணாச்சி, சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாடியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவருடைய "முரட்டு நூல் மாதிரி தொண்டையில இழுக்குவே" என்ற அபிப்பிராயம் மகேஷைச் சென்றடைந்து, "வாவ்" என்று பாராட்டப்பட்டது. மூன்று பேரும் ஒருவர் கருத்தையே மற்றவர் சுற்றிவளைத்துக் கேட்டு, கதிரேசனின் ஞானத்தை வியந்தார்கள். ஒருநாள் மூவரும் ஒரே நேரத்தில் கடையில் சந்தித்து, நண்பர்களாகி, மாதம் ஒரு முறை ஜவஹர் வீட்டில் கூடி ருசி பார்ப்பது என்று முடிவாயிற்று.

ருசி பார்ப்பதற்கு நாள் குறிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. செவ்வாய், வெள்ளி சுப்புராயன் தொடமாட்டார். வியாழன் ஜவஹருக்குப் பாபா. சனிக்கிழமை மகேஷின் மாமியார் வருவார். திங்கள் யாருக்கும் மனசு வராது. ஞாயிறு என்று ஆரம்பித்தார்கள்.

ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டும். ஜவஹரின் மகள் சிந்து சமையலறையில் வைத்து ஊற்றி, கிளாஸில் எண் ஒட்டிக் கொண்டுவந்து வைப்பாள். எது எந்தப் பாட்டில் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ருசி எதில் அதிகம் என்று சீட்டில் எண் எழுத வேண்டும். இரண்டு மாதம் நடந்தது. இரண்டு மாதமும் மூன்று பேரும் தங்களுடையது என்று தாங்கள் நினைத்த கிளாஸுக்கு ஓட்டுப் போட்டு, ஆளுக்கு ஓர் ஓட்டு. அதற்கு மேல் சண்டை.

"நடுவர் வேணும்" என்றார் ஜவஹர். நடுவர் யார் என்பதில் மட்டும் சண்டை வரவில்லை. கதிரேசனுக்கு வார விடுமுறை புதன்கிழமை. எனவே கூட்டம் புதனுக்கு மாறியது.

அதற்கு முந்தின வாரம் சுப்புராயன் கடைக்கு வந்தார். கதிரேசன் ஒரு காலைத் தூக்கி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்.

"என்னவே, கால் வலியா?"

"பழகிப் போச்சு அண்ணாச்சி."

"மூணாவது மாடியில சரக்கு வரவு பாக்குத பையன் ஊரோட போயிட்டான். நாற்காலி சும்மா கிடக்கு. கை வச்ச நாற்காலி. தலைக்கு மேல ஃபேன். வாற பண்டலை எண்ணி, சீலையைத் தொட்டுப் பார்த்து, நல்லது கெட்டது பிரிக்கணும். உம்மைய மாதிரி தரம் தெரிஞ்ச ஆளுதான் தோது." கொஞ்சம் குனிந்து குரலைத் தணித்தார். "மருமவன் சிங்கப்பூர்ல இருந்து பதினெட்டு வருசச் சரக்கு ஒண்ணு கொண்டாந்திருக்கான். புதன்கிழமை வந்து நல்லதை நல்லதுன்னு சொல்லிரும். மறுநாளே வந்து உக்காந்துகிடும்."

அந்தச் சரக்கு பீப்பாய்க்குள் பதினெட்டு வருடம் படுத்தே கிடந்தது. கதிரேசன் இருபத்திரண்டு வருடம் நின்றிருக்கிறார். இரண்டில் எதற்கு மதிப்புக் கூடியது என்று சொல்ல நடுவர் தேவையில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி தேவானை கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அந்த மாரி கடைல பொண்ணுங்கள்ளாம் நின்னுக்கினேதான் கீதுங்க. உனுக்கு மட்டும் சேரு போட்டு குடுப்பாரா?"

"கீழதான் நிக்கணும். மூணாவது மாடில உக்காரலாம்."

"அப்போ சொல்லிட்டு வாயேன், அவரு பாட்டிலுதான் சூப்பர்னு. இன்னா குறைஞ்சிறப் போவுது?"

"எது அவரு பாட்டிலுன்னு தெரியாது தேவானை. நம்பர்தான் ஒட்டி வெச்சிருப்பாங்க."

"குடிச்சிப் பாத்தா தெரியும்ல?"

தேவானைக்கே நினைவு வந்து, சிரித்துவிட்டாள். பிறகு இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கு ஜவஹர் வீட்டுக் கூடத்தில் நான்கு பிரம்பு நாற்காலிகள். கை வைத்தவை, மெத்தை போட்டவை. "உட்காருங்க கதிரேசன்" என்றார் ஜவஹர். கதிரேசன் உட்கார்ந்தார். இடுப்புக்குக் கீழே யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அவருக்கு யார் பேசியதும் கேட்கவில்லை.

சிந்து தட்டில் கிளாஸ்களைக் கொண்டுவந்தாள். ஆளுக்கு மூன்று, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒட்டியிருந்தது. நடுவில் வறுத்த வேர்க்கடலை. உப்பு போட்டால் நாக்கு கெட்டுவிடும் என்று மகேஷ் சொன்னதால் உப்பில்லை. மகேஷ் கண் மருந்து ஃபில்லரால் ஒவ்வொரு கிளாஸிலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். ஜவஹர் ஒரு டப்பாவிலிருந்து காப்பிப்பொடியை முகர்ந்து மூக்கைச் சுத்தம் செய்துகொண்டார். சுப்புராயன் விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அது துணி இல்ல" என்றார் ஜவஹர்.

"எல்லாம் துணிதான்வே. கண்ணைக் கட்டிட்டு விடும், பருத்தியா பாலியஸ்டரான்னு தொட்டுச் சொல்லுதேன். விரலு பொய் சொல்லாது. நாக்கு மட்டும் சொல்லுமா?"

மகேஷ் முதல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "பழைய லைப்ரரி... மழையில நனைஞ்ச தோல் செருப்பு..."

"ஏன் மகேஷ், செருப்பு வாசனைக்கா இவ்ளோ காசு?" என்றார் ஜவஹர்.

"அங்கிள், உங்களுக்கு மூக்கு இன்னும் ஓபன் ஆகல."

கதிரேசனும் முதல் கிளாஸை எடுத்து முகர்ந்தார். இரண்டாவதை முகர்ந்தார். மூன்றாவதை முகர்ந்தார். மூன்றும் ஒரே மாதிரி, ராத்திரி பத்து மணிக்கு அவருடைய சட்டை மணக்கிற மாதிரியே மணந்தன. குடித்தாலும் இதற்கு மேல் ஒன்றும் தெரியப் போவதில்லை என்று பட்டது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

மகேஷ் அசந்துபோனார். "பார்த்தீங்களா? ஒரு சொட்டு விழுங்கல. வெளிநாட்டுல விஸ்கி கலக்குற பெரிய பிளெண்டர்ஸ் எல்லாம் இப்படித்தான். மூக்கு மட்டும்தான்."

"பத்துக்கு எவ்ளோண்ணா?" என்று சிந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"மார்க்குல்லாம் வேணாம்மா. கடைசியா ஒரே நம்பர் சொல்றேன்."

நாக்கு இல்லாவிட்டாலும் கதிரேசனிடம் வேறொன்று இருந்தது. முகம் பார்க்கத் தெரியும். யார் குவார்ட்டர் கேட்டுவிட்டு ஆஃப் வாங்குவார், யார் விலை கேட்டுவிட்டுப் போன் வந்ததுபோல் வெளியே போவார் என்பதெல்லாம் கதவு திறக்கும்போதே தெரிந்துவிடும். அவர் கிளாஸ்களை விட்டுவிட்டு சுப்புராயனைப் பார்க்க ஆரம்பித்தார். பதினெட்டு வருடச் சரக்கு எது என்று அண்ணாச்சியின் முகத்துக்குத் தெரியாமலா போகும்?

ஒன்றாவது கிளாஸுக்கு அண்ணாச்சியின் புருவம் சுருங்கியது. இரண்டாவதற்கு முகம் கடையில் தள்ளுபடி கேட்கிறவரைப் பார்ப்பதுபோல் ஆயிற்று. மூன்றாவதைக் குடித்ததும் மீசை மெல்ல உயர்ந்தது. கண்ணை மூடினார். இன்னொரு மடக்கு. பிறகு கிளாஸின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கதிரேசனைப் பார்த்து, லேசாகத் தலையை ஆட்டினார். இடது கையால் மறைத்துக்கொண்டு சீட்டில் எழுதினார்.

கதிரேசனுக்கு நாற்காலி தெரிந்தது. ஃபேன் தெரிந்தது.

"மூணாம் நம்பர்" என்றார்.

சுப்புராயன் தொடையைத் தட்டினார். "சொன்னேம்லா! பதினெட்டு வருசம்வே! நாக்குன்னா இது நாக்கு!" தன் சீட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். மூன்று என்று பெரிதாக எழுதி, அடியில் கோடு வேறு போட்டிருந்தது.

சிந்து லேப்டாப்பைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"மூணு... மஞ்சள் லேபிள். அப்பாவோடது."

தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஜவஹர் மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அப்பா, சிரிக்காதீங்க. நீங்க எழுதினது ஒண்ணாம் நம்பர். அது அண்ணாச்சியோட ஸ்காட்ச்."

ஜவஹர் சிரிப்பை நிறுத்தி, ஒரு வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டார். மகேஷ் தன் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "எனக்குக் காலையில இருந்தே சளி" என்றார்.

சுப்புராயன் மூன்றாம் கிளாஸைத் தள்ளி வைத்தார். "எனக்கு முதல்லயே சந்தேகம்தான். இந்த ஆளு சொன்னதைக் கேட்டு நான் கொஞ்சம் அசந்துட்டேன்." சீட்டு அதற்கு முன்பே எழுதப்பட்டது என்பது அந்தக் கூடத்தில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும். ஐந்து பேரும் வேர்க்கடலையைப் பார்த்தார்கள். மரியாதையாக "நீர்" என்று இருந்த கதிரேசன் "இந்த ஆளு" ஆகிவிட்டதை அவர் மட்டும் கவனித்தார்.

ஆனாலும் உடனே எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சி கிளம்பிப் போனார், மகேஷ் போனார், சிந்து கிளாஸ்களைக் கழுவி வைத்தாள். ஐந்தரை மணிக்கு ஜவஹர், "இன்னும் ஏதாவது வேணுமா கதிரேசன்?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தார்.

செம்மஞ்சேரி வரை பஸ்ஸில் நின்றுகொண்டு போனார். தேவானை கதவைத் திறந்தாள்.

"இன்னாச்சு?"

"சேரு நல்லா இருந்துச்சு."

"எந்த சேரு?"

"அவுங்க வூட்டு சேரு. ரெண்டரை மணி நேரம் உக்காந்திருந்தேன்."

தேவானை அடுப்பில் வெந்நீர் வைத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை, கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சுப்புராயன் அண்ணாச்சியே வந்தார். வழக்கமாக இறக்குமதிச் சரக்கு இருக்கும் மூலைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சுற்றிக்கொண்டு வந்து, மஞ்சள் லேபிளில் இரண்டு எடுத்தார். தன் கடை பெயர் அச்சடித்த துணிப்பையை உள்பக்கம் வெளியே தெரியும்படித் திருப்பிப் பிடித்தார்.

"டிரைவர் கேட்டான்" என்றார், யாரும் கேட்காமலே.

கதிரேசன் பில் போட்டார். பையில் வைத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் பையின் காதைக் கொஞ்சம் பிடித்தபடியே, "அண்ணாச்சி, அந்த மூணாவது மாடி..." என்றார்.

அண்ணாச்சி அவரை வருத்தத்தோடுதான் பார்த்தார். "வே, பதினெட்டு வருசச் சரக்குக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியலையே உமக்கு. உம்மைய நம்பி பட்டுச் சீலையையும் பாலியஸ்டரையும் எப்படி விட்டுட்டுப் போவேன்? தரம் பாக்குத வேலைலா."

கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. வெளியே டிரைவர் கார் கதவைத் திறந்து பிடித்தார். பை டிரைவரிடம் போகவில்லை; அண்ணாச்சியின் மடியிலேயே இருந்தது.

அடுத்து ஓர் இளைஞர் வந்தார். முதல் சம்பளம் வாங்கிய முகம். அலமாரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல எது வொர்த்து?" என்றார்.

கதிரேசன் இடது காலிலிருந்த கனத்தை வலது காலுக்கு மாற்றினார்.

"அந்த மஞ்சள் லேபிள் சார். தி.நகர் ஜவுளிக்கடை முதலாளி ஒருத்தர், தொட்டாலே தரம் சொல்றவரு. இப்பதான் ரெண்டு எடுத்துக்கினு போறாரு."

"இவ்ளோ விலை கம்மியா இருக்கே? நெஜமாவே நல்லா இருக்குமா? அவரு இன்னா சொன்னாரு?"

"நல்லா இருக்குன்னு வாயால சொல்லல சார்" என்றார் கதிரேசன். "டிரைவருக்குன்னாரு."