பீரோக்காரரோட பதினாலு நாள்

வீடு மாத்துற லாரிக்கு இருபது வருஷமா அவருதான் டிரைவரு. ஓட்டுறதோட நிப்பாரா? இறங்கி சாமானும் தூக்குவாரு. இரும்பு பீரோவை இடது தோள்ல சாய்ச்சு மூணு மாடி ஏத்தினவரு, அதனால பீரோக்காரர்னே பேராயிப்போச்சு. பெத்தவங்க வச்ச பேரு கையெழுத்துப் போடுறப்பதான் அவருக்கே ஞாபகம் வரும்.

அப்பேர்ப்பட்ட ஆளு ஒருநாள் சிக்னல்ல லாரியை நிறுத்தினவரு, அப்படியே உக்காந்துட்டாரு. பச்சை மூணு தடவை வந்து போச்சு. பின்னால ஊரே ஹாரன் அடிக்குது, இவரு அசையல. சுகருக்கு ஊசியைப் போட்டுக்கிட்டு, சாப்பிடாம வண்டி எடுத்தா? தடால்னு இறங்கிருச்சு.

முதலாளி சத்தமே போடல. சாவியை மட்டும் வாங்கிக்கிட்டாரு. "பதினாலு நாள் உங்க சுகர் எப்படி ஓடுதுன்னு விடாம பாக்கணுமாம். டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தா சாவி உங்களுக்குத்தான்."

அதுவரைக்கும் ஸ்டியரிங் யாரு கையில? பொண்டாட்டியோட தம்பி கையில. அவன் கியர் போட்டா பீரோக்காரருக்குப் பல்லு கூசும். அதுல நக்கல் வேற.

"மாமா, பக்கத்து சீட்டு சவுகரியமா? ஜன்னல் காத்து வருதா?"

டாக்டர் குடுத்தது ஒரு சென்சார். சட்டைப் பொத்தானை விடக் கொஞ்சம் பெரிசு. மேல்கைக்குப் பின்னால ஒட்டினா, சுகர் எவ்வளவுன்னு போனுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். பதினாலு நாள் உழைக்கும், ஆனா விழாம இருக்கணும்ல?

முதல்ல ஒட்டினது மூணாம் நாளே போச்சு. குளியலறைக் கதவு நிலையில இடது கையை உரசிக்கிட்டுத்தான் வெளிய வருவாரு, கல்யாணமான நாள்ல இருந்து. பீரோவோட அகலம் அங்குல சுத்தமா தெரியும், தன்னோட அகலம் தெரியாது.

ரெண்டாவதுக்கு லாரி வைத்தியம் பண்ணினாரு. அட்டைப்பெட்டிக்கு ஒட்டுற பழுப்பு டேப்பை எடுத்து, கையைச் சுத்தி நாலு சுத்து. உள்ள வேர்வை தேங்கி, அஞ்சாம் நாள் டேப்பு, முடி, சென்சார் மூணும் கூட்டணி வச்சு ஒண்ணா வெளியேறிருச்சு.

மூணாவதை ஒட்டின நர்ஸம்மா கையைத் தடவிப் பாத்தாங்க. "எண்ணெய் தேச்சீங்களாண்ணே?"

"தினமும் தேய்ப்பேன்மா."

"அப்புறம் எப்படி ஒட்டும்? இது கையிண்ணே, அட்டைப்பெட்டி இல்ல. சுமை எந்தத் தோள்ல?"

"இடது."

"அப்ப வலது கையில ஒட்டட்டுமா?"

"வலது பக்கம் அழுத்தித்தான்மா படுப்பேன். தூக்கத்துல நான் சொன்னா நானே கேக்க மாட்டேன்."

"சரி, இடதுலயே இருக்கட்டும். ஆனா அந்தத் தோள்ல சுமை ஏத்தக் கூடாது." முடியை மழிச்சு, ஸ்பிரிட்ல துடைச்சு, நல்லா காய விட்டு ஒட்டி, அழுத்திப் பிடிச்சாங்க. மேல ஒரு வட்டப் பட்டை. "மூலை இருந்தா அங்கதான் தூக்கிக்கும், அதான் வட்டம். சட்டை போடுறப்ப இந்தக் கை முதல்ல, கழட்டுறப்ப கடைசில. கதவு நிலை பத்திரம்."

அன்னிக்கு வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழைஞ்ச பொண்டாட்டி திகைச்சுப் போயிட்டா. வீட்டுல இருக்கிற அத்தனை நிலைக்கும் லாரிப் போர்வை சுத்திக் கட்டியிருக்கு.

"என்னங்க, வீட்டைக் காலி பண்றோமா?"

"பெரிய பீரோ போற வழியில நிலைக்குத்தான் மெத்தை கட்டுவோம்."

"எந்தப் பீரோ?"

"நான்தான்."

பக்கத்து வீட்டம்மா மறுநாளே, "எந்தத் தெருவுக்குப் போறீங்க?"ன்னு விசாரிச்சுட்டுப் போனாங்க. அவங்க கண்ணுக்குத் தப்புமா?

மூணாவது ஒட்டினதுல இருந்து கணக்கு மறுபடி ஒண்ணுல ஆரம்பிச்சு, பதிமூணாம் நாள் வந்துச்சு சோதனை. ரெண்டாவது மாடித் திருப்பம், ஒடுங்கின படி, ரெண்டு கதவு பீரோ. மேல இவரு, கீழ மச்சான். இடது தோள்ல சாய்ச்சாத்தான் திரும்பும்.

"சாய்ங்க மாமா! எப்பவும் சாய்ப்பீங்கல்ல?"

தோளு தன்னால பாதி தூரம் போயிருச்சு. படியில சுமையை இறக்கினவங்களை இருபது வருஷமா, "போய் பூக்கூடை தூக்குங்கடா"ன்னு விரட்டின வாயி அது. வீட்டுக்காரரு வேற மேல நின்னு வேடிக்கை பாக்குறாரு.

"கீழ வைடா மாப்ள."

"என்னது?"

"வைடா. கதவையும் தட்டையும் கழட்டி ஏத்துவோம்."

அரைமணி கூட ஆச்சு. மச்சான் விடுவானா? "மாமா, பூக்கூடை எந்தக் கடையில விக்கிது?" பீரோக்காரருக்கே சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே மெதுவா கையைத் தடவிப் பாத்தாரு. இருக்கு.

பதினாலு நாளும் ஒரு நாள் விடாம பாத்துட்டு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. சாப்பிடாம வண்டியைத் தொடக் கூடாது, சென்சார் எப்பவும் கையில இருக்கணும், சுகர் இறங்கினா போன்ல அடிக்கிற அலாரத்தை அணைக்கக் கூடாதுன்னு கண்டிஷனோட. வீட்டுக்கு வந்து உரிச்சா, சென்சார் வர மாட்டேங்குது.

"விழாதே விழாதேன்னீங்க, இப்ப பாருங்க, போக மாட்டேங்குது"ன்னு சொல்லிக்கிட்டே பொண்டாட்டி எண்ணெய் விட்டு ஓரம் ஓரமா உரிச்சா. நாலாவதை ஒட்டுறதுக்கு முன்னாடி கையை அவளே ரெண்டு தடவை துடைச்சா. நிலையில கட்டின போர்வையை மட்டும் அவரை அவுக்க விடல.

மறுநாள் சாவி கைக்கு வந்துச்சு. சீட்டுல ஏறி, போனைப் பாத்து, ரெண்டு பிஸ்கட்டை மென்னு முழுங்கிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினாரு. கியர் சத்தமில்லாம விழுந்துச்சு.

"ஏன் மாப்ள, ஜன்னல் காத்து வருதா?"