பந்தைத் தொடாத உத்தியோகம்

காலால் உதைக்காத ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பேர் வைத்த அமெரிக்கர்கள்மேல் எனக்கு மரியாதை கிடையாது. அவர்களிடம் இரண்டு வருஷம் சம்பளம் வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

அப்போது சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனியில் டிரம் உருட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலங்களில் கபடி. அந்த அமெரிக்க ஆட்டத்தை இங்கே நடத்தி டிவியில் காட்டப்போவதாக ஒரு கூட்டம் திருப்பதியில் முகாம் போட்டது. மாடு வாங்க வந்தவர்கள்போல என் முதுகைத் தட்டி, தொடையைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவதோடு நின்றவனுக்கு டிரம்மை விட்டால் வேறு என்ன வரும் என்று போனேன். கம்பெனி மேஸ்திரி அன்றைக்கே என் இடத்தில் வேறு ஆள் போட்டுவிட்டார்.

எனக்கு முன்வரிசை. பின்னால் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு யாருக்கு எறியலாம் என்று யோசிப்பான். அவன் யோசித்து முடிக்கும்வரை எதிராளி அவன்மேல் பாயாமல் நான் நெஞ்சைக் கொடுத்து மறிக்க வேண்டும். பந்து என் கைக்கு வரவே வராது. முகத்துக்குக் கம்பி போட்ட தலைக்கவசம். நாலு பேர் பார்த்தாலே கூசுகிற எனக்கு அது ஒன்றுதான் தோதாக இருந்தது.

எறிகிறவன் திருப்பதியில் கல்லூரி படித்தவன். ஆட்டத்துக்கு முன்னால் தலை சீவி, அதன்மேல் கவசம் மாட்டுவான். அவ்வளவு அறிவு. "இன்னாபா தூணு, சோறு மட்டும் நல்லா துன்ற, நவுரத்தான் மாட்டன்ற" என்பான்.

கபடியில் எதிராளியைப் பிடிப்பதுதான் வேலை. இங்கே முன்வரிசைக்காரன் தள்ளலாம், பிடிக்கக் கூடாது. பிடித்தால் நடுவர் மஞ்சள் துணியை வீசுவார், எடுத்த பாயிண்ட் செல்லாது. என் கைகளுக்கு இது ஏறவில்லை. எதிராளி நழுவினால் அவையே போய்த் தொடையைக் கவ்வின. பயிற்சியாளர் இங்கிலீஷில் கத்துவார், இன்னொருவர் அதையே தெலுங்கில் கத்துவார். கடைசியில், இன்னொரு துணி விழுந்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

அடுத்த ஆட்டத்திலேயே, மலைபோல ஒருவன் என் பக்கமாக நழுவி எறிகிறவனின் முதுகைப் பார்த்துக் குனிந்து ஓடினான். எறிகிறவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஓடினவனின் தொடையை இரண்டு கையாலும் கட்டிக் கீழே போட்டேன். பந்து பறந்தது, எங்கள் ஆள் பிடித்துக் கோட்டைத் தாண்டினான். டிவிக்காரர்கள் எறிகிறவனிடம் ஓடி வந்தார்கள். பிறகுதான் மஞ்சள் துணி கண்ணில் பட்டது.

"யோவ், உன்ன எவன் புடிக்கச் சொன்னான்?" என்றான் எறிகிறவன்.

"உட்ருந்தா உன் முதுகு போயிருக்கும்பா."

"போனா போவுது. டிவில என் பாயிண்ட்டு போச்சே."

என் பிழைப்பைக் கொடுத்துக் காப்பாற்றிய முதுகுக்கு அதன் சொந்தக்காரன் வைத்த மதிப்பு அவ்வளவுதான்.

அன்று மாலையே சித்தூர் பஸ் ஏறினேன். மேஸ்திரி கேட்டார்: "வா ராசா. அந்தப் பந்து எப்டி கீது, கெட்டியா, மெத்துனா?"

"தொட்டதில்லண்ணா."

கூழ் அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு லோடு ஏற்றச் சொன்னார். அமெரிக்க ஆட்டமும் அடுத்த வருஷமே யாரிடமும் சொல்லாமல் மூட்டை கட்டியது.

போன மாதம் திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். உள்ளே அந்த எறிகிறவன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு தடியனால் தன் பாயிண்ட் போன கதையை டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் முதுகு நன்றாக நிமிர்ந்திருந்தது. எனக்கு இடம் விடாமல் அகலமாக உட்கார்ந்திருந்தான்.