தம்பிக்காகப் பேசிய பாரிஸ்டர்

நான் இருக்கும் பிரெஞ்சு நகரத்தில், தமிழ்ச்சனம் கூடும் லா சப்பலில் அப்போது யாருக்கு வழக்கு என்றாலும் கதையைப் பாடமாக்கிக்கொண்டு போகச் சொல்வார்கள். லண்டனில் தம்பியின் அகதி வழக்குக்குச் சாட்சி சொல்லப் போனபோது நானும் அப்படித்தான் செய்தேன். ஊரில் ஆமி அவனைப் பிடித்துக்கொண்டு போன நாளைப் பற்றி வழக்கை எடுத்த சொலிசிட்டருக்கு நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தையும், சாமி விளக்கைக் கொளுத்திவிட்டுத் தேவாரம் போலத் தினமும் சொல்லிப் பார்த்தேன். தோற்றால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நீதிமன்ற வாசலில் எங்கள் சொலிசிட்டரைக் காணவில்லை. ஒருநாளும் பார்த்திராத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கடதாசிக் கட்டோடு வந்து, தான்தான் பேசப்போகும் பாரிஸ்டர் என்றாள்.

“இண்டைக்குத்தானே எங்களைப் பாக்கிறா. என்னத்தைப் பேசப்போறா?” என்று தம்பியிடம் கேட்டேன்.

“இஞ்சை அப்பிடித்தான் அக்கா. சொலிசிட்டர் கடதாசி எழுதுவார், இவ எழும்பிப் பேசுவா. ஊரிலை பிரக்கிராசியும் அப்புக்காத்தும் இருந்த மாதிரி.”

நான் பாடமாக்கியதை ஒப்புவிக்கத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கத் தனக்கு அனுமதியில்லை, கண்டதை மட்டும் சொல்லுங்கள் என்று தம்பி மூலம் சொன்னாள். எங்களைக் கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன்.

உள்ளே அரசாங்கத்துப் பக்கத்து வக்கீல் மொழிபெயர்ப்பாளர் மூலம், தம்பி அன்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று கேட்டார். என் இரண்டு பக்கத்தில் அது இல்லை. நீலம் என்று வாய்வரை வந்துவிட்டது. முருகனை நினைத்துக்கொண்டேன்.

“தெரியாது ஐயா. நான் அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

நான் சாட்சி சொல்லி வந்து பின்னால் இருந்ததும் தம்பி முணுமுணுத்தான். “ஒரு நிறத்தைச் சொல்லியிருக்கலாமே அக்கா. பாடமாக்கின லட்சணம்.”

பிறகு அந்தப் பிள்ளை எழுந்தாள். தம்பி காதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தான். கதை கட்டி வந்தவருக்கு ஒரு நிறம் சொல்வது பெரிய வேலையா, இவருக்கு நினைவிலிருப்பது தாயின் கை என்றாளாம். அம்மாவின் வருத்தம், எங்கள் வாசல் படலை, எல்லாவற்றையும் அந்தக் கடதாசிக் கட்டிலிருந்து படித்து வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் கூடவே நின்றவள் போலப் பேசினாள். தம்பி பாதியில் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தான்.

வெளியே வந்து நான் கொண்டுபோன உழுந்து வடையை நீட்டினேன். நின்றபடியே ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வழக்குக்கு ஓடினாள். பிறகு அவளைக் காணவேயில்லை.

சில கிழமைகள் கழித்து, திரும்பி வந்து லா சப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருக் கடையில் அரிசி வாங்கிக்கொண்டு நின்றபோது தம்பியின் அழைப்பு வந்தது. அப்படியே அரிசி மூட்டையின் மேல் குந்திவிட்டேன்.

“என்ன அக்கா, கெட்ட செய்தியோ?” என்றார் கடைக்காரர்.

“இல்லை அண்ணை. தம்பி இனி லண்டனிலை இருக்கலாமாம்.”