தங்கச்சிக்குப் பிடித்த லாரிப் படம்

அந்த அறையில் எல்லோருக்கும் அவள் தங்கச்சிதான். எழுபதைத் தாண்டிய டீச்சருக்கும் தங்கச்சி, அவளைவிட நாலு வயது இளைய டாக்டருக்கும் தங்கச்சி. டயாலிசிஸ் டெக்னீஷியனாகச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. காலை ஐந்தரைக்கு வந்து மிஷின்களைத் துடைத்து, குழாய்களில் உப்புத் தண்ணீரை ஓடவிட்டு, ஒரு காற்றுக் குமிழிகூடத் தங்கவில்லை என்று விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பாள். ஒரு தடவை பார்த்தால் போதும். அவள் இரண்டு தடவை பார்ப்பாள்.

ஊசி குத்துவதில் அவளுக்குக் கைராசி என்று சொல்வார்கள். ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. குத்துவதற்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு, தோலுக்கடியில் ரத்தம் ஓடும் துடிப்பை ஒரு நிமிடம் விரலால் கேட்பாள். அந்த ஒரு நிமிடத்துக்குப் பலருக்குப் பொறுமை கிடையாது.

செவ்வாய், வியாழன், சனிக்கிழமை காலையில் அவளுடைய நாற்காலிகளுக்கு மூன்று பேர். டீச்சர், தையல்காரர், லாரி டிரைவர். மூவருக்கும் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. ரத்தத்தை மிஷின்தான் சுத்தம் செய்ய வேண்டும், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். ஒரு நாள் வராவிட்டால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். வருவதையே நிறுத்திவிட்டால், சில நாளில் ஆளே இல்லை.

நாலு மணி நேரம் கையை நீட்டிக்கொண்டு கிடப்பவர்கள் என்ன செய்வார்கள்? படம் பேசுவார்கள். முந்தைய முறைக்கும் இந்த முறைக்கும் நடுவில் பார்த்த படத்தை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும், டீச்சர் மார்க் போடுவார். முப்பத்தைந்துக்குக் கீழே போனால் படம் ஃபெயில். தையல்காரர் சட்டையைத்தான் பார்ப்பார். "எரியிற வீட்டுக்குள்ள போயிட்டு வர்றான், இஸ்திரி மடிப்பு கலையல. அந்தச் சட்டைய வச்சே தீயை அணைச்சிருக்கலாம்" என்பார். டிரைவர் பார்ப்பது ஸ்டியரிங். "நேர் ரோட்டுல போறவன் எதுக்குங்க மாவு ஆட்டுற மாதிரி சுத்திக்கிட்டே இருக்கான்?"

தங்கச்சி மட்டும் எதையும் சொல்ல மாட்டாள். விடிவதற்கு முன் எழுகிறவள், படத்தில் பெயர் போடும்போதே தூங்கிவிடுவாள். யார் எந்தப் படத்தைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருந்துச்சு" என்பாள்.

"பாம்பும் சாகக் கூடாது, கம்பும் உடையக் கூடாது, அதானே?" என்பார் டீச்சர். "உனக்குன்னு ஒரு படம் பிடிக்காம போகட்டும், அன்னிக்கு நான் எந்திரிச்சு நின்னு கை தட்டுறேன்."

ஒரு வியாழக்கிழமை டிரைவர் ஒரு லாரிப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து கொதித்தார். "டீச்சரம்மா, மார்க்கே போடாதீங்க, பேப்பரைக் கிழிச்சுப் போடுங்க. மலை இறக்கத்துல வண்டிய நியூட்ரல்ல விடுறான். பின்னாடி பாட்டு வேற. இதை நல்லா இருக்குன்னு சொல்றவனை ஸ்டியரிங் பக்கமே விடக் கூடாது."

அந்த வாரம் சனிக்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது.

ஒன்பது மணிக்குத் தங்கச்சி போன் செய்தாள். அவரே எடுத்தார். "இனிமே வரலம்மா. நின்னுபோன வண்டிக்கு எதுக்கு ஆயில் மாத்தணும்?" என்று சொல்லி வைத்துவிட்டார். திரும்ப அடித்தபோது அவர் மனைவி எடுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். முந்தின நாள் லாரியை விற்றாகிவிட்டது. இரண்டு வருடமாக வாசலிலேயே நின்ற வண்டி. உடம்பு தேறினால் எடுக்கலாம் என்று தினமும் காலையில் ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பார். வெள்ளிக்கிழமை வேறொருவன் ஏறி ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான்.

டாக்டர் பேசினார். "சரிங்க சார், சரிங்க சார்" என்று டிரைவர் கேட்டுக்கொண்டார், கிளம்பவில்லை. மகன் கெஞ்சினான். ஊதுகிற சங்கை ஊதியாயிற்று என்று எல்லோரும் கையை விரித்தார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி தன் அக்காவிடம், "நாளைக்கு ஒரு படத்துக்குப் போகணும்க்கா" என்றாள். அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டாம் வகுப்போடு நின்று, தையல் கம்பெனியில் பட்டன் வைத்துத் தங்கையைப் படிக்க அனுப்பியவள் அக்கா. இவளாகப் படத்துக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"அந்த லாரிப் படம். அவரு காறித் துப்புன படம். அதைப் பிரமாதம்னு சொல்லப் போறேன். மனுஷன் செத்தாலும் அதை ஒத்துக்க மாட்டாரு. சண்டை போடவாவது வருவாரு."

"பொய்யா? நீயா?" என்றாள் அக்கா. "சின்ன வயசுல திருடித் தின்னா வாயத் துடைக்கக்கூடத் தெரியாதே உனக்கு."

"அதனாலதான் படத்த முழுசா பாக்கணும்கிறேன். தூங்குனா இடி."

ஞாயிறு மதியக் காட்சி. அக்கா முழங்கையைத் தயாராக வைத்திருந்தாள். தேவைப்படவில்லை. அந்த இறக்கம் வந்தது. சரக்கும் கடனும் சண்டையுமாகப் பாதிப் படம் வண்டியை முடுக்கி முடுக்கி ஓட்டியவன், மலை உச்சியில் கியரை விடுவிக்கிறான். என்ஜின் சத்தம் அடங்குகிறது. தார்ப்பாய் படபடக்கிறது, காற்று, அவ்வளவுதான். அவன் முகத்தில் இருந்த முடிச்செல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்கிறது. தங்கச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு முழங்கையை மடக்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும், "மோசம் போனேன்க்கா. எனக்கு நெசமாவே பிடிச்சுத் தொலைச்சிருச்சு" என்றாள்.

"நல்லதாப் போச்சு. அப்ப தைரியமாப் பேசு."

தியேட்டர் வாசலிலேயே நின்று போன் செய்தாள். "அண்ணே, லாரிப் படம் பாத்தேன். அந்த இறக்கம்தான் படத்துலயே நல்ல இடம். நீங்க சும்மா திட்டுறீங்க."

மறுமுனையில் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "யாரு சொன்னது நல்ல இடம்னு?"

"நான்தான்."

"நீயா? ஏம்மா, உனக்குக் கிளச்சுன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆனா பிடிச்சிருக்கு. நூத்துக்குத் தொண்ணூறு கொடுக்கச் சொல்லி டீச்சர்கிட்ட கேக்கப் போறேன்."

"தொண்ணூறா! கேளு, நியூட்ரல்னா…"

"பஸ் வந்திருச்சுண்ணே. செவ்வாய்க்கிழமை டீச்சர் மார்க் போடுவாங்க. மறுத்துப் பேசணும்னா நேர்ல வந்து பேசுங்க." வைத்துவிட்டாள். பஸ் ஒன்றும் வரவில்லை.

திங்கட்கிழமை முழுக்க அவர் போன் செய்யவில்லை. அன்று ஒரு மிஷினை மூன்றாவது தடவையும் சோதித்தாள்.

செவ்வாய் காலை ஆறே முக்காலுக்கு டிரைவர், மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கால் வீங்கிச் செருப்பு வார் ஏறவில்லை, மனைவி கையில் இருந்தது. தங்கச்சி எடை பார்த்தாள். ஐந்தரை கிலோ கூடுதல், அத்தனையும் தண்ணீர். மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் ஊசி போட வரல. சண்டை போடத்தான் வந்தேன்" என்றார்.

"சண்டைக்கு நாலு மணி நேரம் ஆகும்ணே. உக்காந்து போடுங்க" என்று நாற்காலியைச் சாய்த்தாள். டாக்டர் வந்து பார்த்து, எவ்வளவு நீரை எடுக்கலாம் என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போனார். அவள் டிரைவரின் கையைப் பிடித்து, தோலுக்கடியில் துடிப்பைத் தேடினாள். இருந்தது.

"டீச்சரம்மா, கேளுங்க" என்று ஆரம்பித்தார். இரண்டு ஊசியும் ஏறியதை அவர் கவனிக்கவே இல்லை. "ஏறுன கியர்லயேதான் இறங்கணும். கியர்தான் வண்டியப் பிடிக்கும். நியூட்ரல்ல விட்டா பிரேக் ஒண்ணுதான் மிச்சம். நாலு வளைவுக்குள்ள சூடாகிப் பிடிக்காம போயிரும். அதுக்குத் தொண்ணூறா?"

"மார்க்கை நான் போடுவேன்" என்றார் டீச்சர். "தங்கச்சி, நீ சொல்லு. உனக்கு ஏன் பிடிச்சுது?"

தங்கச்சி குழாய்களைப் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொண்டே யோசித்தாள். "எவ்வளவு நேரம்தான் முடுக்கி முடுக்கி ஓட்டுவான். அலுத்துப்போச்சு அவனுக்கு. தானாப் போகட்டும்னு விடுறான். எனக்கு அது புரிஞ்சுச்சு. தப்பா?"

டிரைவர் மிஷினில் சுற்றும் ரத்தத்தைப் பார்த்தார்.

"என்கூட ஓட்டுனவன் ஒருத்தன் அப்படி விட்டான்" என்றார் மெதுவாக.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. பத்து பேரு போயித் தூக்கிட்டு வந்தோம். அவன் பொண்டாட்டிகிட்ட சாவியக் கொடுத்தது நான்தான்."

அறைக்கு வெளியே அவர் மனைவி செருப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. டிரைவர் அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

தையல்காரர்தான் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் இருக்கட்டும், அவன் போட்டிருந்த சட்டை காலர் எப்படி? லாரிக்காரனுக்குக் காலர் ஓரம் தேஞ்சிருக்கணும்."

"காலரா? பெட்டியப் பிரிச்ச மாதிரி புதுசு!" என்று டிரைவர் கையைத் தூக்கினார். மிஷின் அலறியது.

"அந்தக் கைய ஆட்டாதீங்கண்ணே! மத்த கையால திட்டுங்க."

பத்தரைக்கு மேல் குரலில் இரைப்புக் குறைந்தது. டீச்சர் தீர்ப்பை ஒத்திவைத்தார். படத்தைப் பார்க்காமல் மார்க் போட்டுப் பழக்கமில்லை, பேரனிடம் சொல்லிப் புதன்கிழமை பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

நேரம் முடிந்து ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தியபோது, டிரைவர் மனைவி உள்ளே வந்து செருப்பைக் காலருகே வைத்தார். வார் பாதிதான் ஏறியது.

"வியாழக்கிழமை சீக்கிரம் கிளம்பணும்" என்றார் டிரைவர் மனைவியிடம். "டீச்சரம்மா படத்தப் பாத்துட்டு வந்துடும். இந்தப் பொண்ணு முந்திக்கிட்டுப் போயி அதை இதைச் சொல்லி மார்க் வாங்கிடும். நான் முன்னாடியே இருக்கணும்."

அந்த அம்மா தங்கச்சியைப் பார்த்தார். தங்கச்சி அவர் பக்கம் திரும்பவில்லை. குனிந்து விரிப்பை உருவிக்கொண்டே, "ஆறரைக்கே கதவு திறந்திருக்கும்மா" என்றாள்.