தேர்முட்டியில் ஏறிய கண்கள்

“உந்தப் பிள்ளை கண்ணைப் படம் பிடிச்சே சீனி வருத்தம் எவ்வளவெண்டு சொல்லிப்போடுமாம்.” வாசிகசாலை வாசலில் யாரோ யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. நான் எதையும் சொல்வதில்லை. நீரிழிவுக்காரரின் கண்ணுக்குள்ளே படமெடுத்து, யாழ்ப்பாண நகரில் இருக்கும் கண் டொக்டருக்கு அனுப்புவதோடு என் வேலை முடிந்தது. நாலு பேர் முன் வாய் திறக்கக் கூசுகிறவர்களே, நம்மைப் போன்றவர்களுக்கு வாய்த்த தொழில் இது. இருட்டறையில் நம் முகம் யாருக்கும் தெரியாது.

லைற்

கண்மணி விரிய இருட்டு வேண்டும். கரவெட்டி வாசிகசாலையில் யன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டினோம். உள்ளே வந்தவர்கள் எனக்கு உதவி என்று நினைத்து லைற்றைப் போட்டார்கள். நான் அணைப்பேன், அடுத்தவர் போடுவார். கடைசியாக வந்த அம்மா தன் டோர்ச்சை என் மடியில் வைத்தார். “வைச்சிரு பிள்ளை, உந்த இருட்டுக்கை இருந்தால் உன்ரை கண்ணும் பழுதாப் போடும்.”

தேர்முட்டி

கரையோரக் கிராமம் ஒன்றில் சிக்னல் கிடைப்பது, சாமியைத் தேரில் ஏற்றும் உயரமான கோயில் தேர்முட்டியின் மேற்படியில் மட்டும். படங்களை அனுப்ப எங்கள் வான் சாரதி அங்கே ஏறினார். மீன் விற்கும் பரமேசக்காவும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே ஏறினார். ஏன் என்று கேட்டேன். “என்ரை கண்ணல்லோ போகுது தங்கச்சி, கும்பிட்டு அனுப்பவேண்டாமே?”

வள்ளம்

அக்காவின் கண் நல்லது என்று பதில் வந்தது. நீங்களும் பாருங்கோ என்ற அவருடைய ஆய்க்கினை தாங்காமல் கமராவுக்கு முன் இருந்த கணவர் இராசன் அண்ணையின் இடது கண்ணுக்குள் இரத்தக் கசிவு. இன்றைக்கே யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், பிந்தினால் பார்வை போய்விடும் என்றார் டொக்டர்.

“நடுக்கடல்லை நிக்கிற வள்ளமே எனக்குத் தெரியுது. உது உங்கடை கமராவிலை பிழை” என்றார் அண்ணை. கூட வந்த மச்சான் சிரித்தார்.

பரமேசக்கா தேர்முட்டிப் படியிலிருந்து எழுந்து வந்தார். செதில் ஒட்டிய உள்ளங்கையால் கணவரின் வலது கண்ணைப் பொத்தி, கடல் பக்கம் திருப்பினார். “இஞ்சாருங்கோ, இப்ப சொல்லுங்கோ. எங்கடை வள்ளம் எங்கை?”

கரையில்தான் நின்றது. அண்ணை கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பினார்.

“நடுவிலை கறுப்பாக் கிடக்கு... காணேல்லையப்பா.”

எனக்கு வராத பேச்சை அந்தக் கை பேசியது. இன்றும் அதற்கு நன்றியோடிருக்கிறேன்.

இராசன் அண்ணை மோட்டார் சைக்கிள் திறப்பை மச்சானிடம் கொடுத்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எங்கள் வானில் ஏறினார்.