நகராத சைக்கிள்

தருமபுரியில் புளி வியாபாரம் செய்த சுபான், மூட்டைக்குள் கையை விட்டு ஈரம் பார்க்காமல் விலை பேசமாட்டார். மனிதர்களிடமும் அப்படித்தான். 1975-இல் அவருக்கு நெஞ்சுவலி வந்து தேறியதும், வீட்டுக்குள்ளேயே மிதிக்கும் சைக்கிள் ஒன்றை வாங்கச் சொன்ன டாக்டர், "மூச்சு வாங்கணும், ஆனா பேச்சு நிக்கக் கூடாது" என்றார். அதை வாங்க மனைவி மைமூனோடு பெங்களூர் போனார் சுபான்.

கடைக்காரர் அவரைப் பளபளக்கும் புதுச் சைக்கிளில் ஏற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மீட்டர் ஒரு மைல் காட்டியது.

"நின்ன எடத்துலயே ஒரு மைலா? இது பொய்த் தராசுங்க."

"எவ்வளவு லேசா சுத்துது பாருங்க சார்."

"எங்க வூட்டு ஃபேன்கூட லேசாத்தான் சுத்துது."

மூலையில் மீட்டர் இல்லாத சைக்கிள் ஒன்று இருந்தது. அதன் மிதி சற்றுக் கனத்தது. மிதித்தபடியே விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடினார் சுபான். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. வாதம் மட்டும் நிற்கவில்லை.

"ஏங்க, இதுதாங்க சரி," என்றாள் மைமூன். "டாக்டர் சொன்ன மாதிரியே இருக்குது."

சுபான் குனிந்து அவள் காதில் சொன்னார்: "மெதுவாப் பேசு. புடிச்சுப்போச்சுன்னு தெரிஞ்சா வெலைய ஏத்திடுவான்."