கழுதை உதைத்த தாடை

நேற்று எங்கள் வாய்க்கால் மேட்டில் ஒரு லாரி சேற்றில் புதைந்துவிட்டது. இழுக்க எங்கள் எருதுகளைத்தான் கேட்டு வந்தார்கள். பெட்ரோல் நாற்றம் வேறு குமட்டியது. எருது நகரவில்லை என்று டிரைவர் அதன் வாலைப் பிடித்து முறுக்கினான். அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. அவன் செத்து இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை, பாருங்கள்.

பெரிய சண்டையின்போது அவன் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ரா போனான். துப்பாக்கி பிடிக்க அல்ல. சிப்பாய்களுக்கு மாவும் தண்ணீரும் தோட்டாவும் சுமக்கிற கோவேறு கழுதைகளை ஓட்ட. கழுதைக்குத் தீனி வைத்து, முதுகு தேய்த்துவிட்ட பிறகுதான் ஆளுக்குச் சோறு என்பது அந்தப் படையின் சட்டமாம். ஊர் திரும்பியும் விட்டானா? எருது தின்று முடிக்கும்வரை தட்டில் கை வைக்க மாட்டான். அம்மா எத்தனை தரம்தான் சாற்றைச் சுடவைப்பாள்?

எங்கள் பெருமாட்டி ஊர் வண்டிக்காரன் புத்தி எங்கே போகும்? அங்கே நகராத கழுதையின் வாலை முறுக்கியிருக்கிறான். விட்டது ஓர் உதை. தாடை கோணிப்போனது. குண்டு பட்டது என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்தாள்.

அதை நம்பித்தான் வண்டித்தாவளம் ஊர்க்காரர் ஒருவர் பெண் கொடுக்க வந்தார். அந்தப் பெண்ணைத் தேர்த் திருவிழாவில் பார்த்ததிலிருந்து அண்ணன் சும்மா சும்மா தலை வாரிக்கொண்டு திரிந்தான்.

"ஏனுங்க மாப்ள, எத்தன பேரச் சுட்டீங்க?"

"துப்பாக்கியே தொடலீங்க மாமா. கழுத ஓட்டுனேனுங்க. இந்தத் தாடகூட அது ஒதச்சதுதானுங்க."

"வாய மூடுறா, கெரகம் புடிச்சவனே!" என்றாள் அம்மா.

"கழுத மேய்க்கவா கப்பலேறிப் போனீங்க?" வெற்றிலையைக்கூடத் தொடாமல் அவர் எழுந்தார்.

"அந்தக் கழுத வரலீன்னா துப்பாக்கிக்காரனுக்குப் பட்டினிதானுங்க" என்றான் இவன். கேட்க அவர் வாசலில் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே ஒரு பொய், சொன்னால் என்ன?

அப்புறம் அவன் கல்யாணமே வேண்டாம் என்றுவிட்டான். அவன் இருந்த படையையும் கலைத்துவிட்டார்களாம். இனி எல்லாம் லாரிதானாம்.

இழவுக்கு அந்தப் பெண்ணும் வந்திருந்தாள், இடுப்பில் குழந்தையோடு. என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏ அம்மிணி, உங்கண்ணன் நெசமாலுமே கழுததான் ஓட்டுனாரா? என்னையப் புடிக்காமச் சொன்ன சாக்குன்னில்ல இத்தன நாளா நெனச்சுட்டிருந்தேன்."

"நெசந்தானுங்கக்கா."

"அப்ப என்னையப் புடிச்சுத்தான் இருந்துச்சா அவருக்கு?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவனை அப்போதுதான் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.